ரேவால் நடைக் குதிரை: சந்தையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் ரேவால் நடை போடும் மார்வாரிக் குதிரை வாங்க ஆசை. என்னிடம் இருக்கும் 12 வயதுப் பெண் குதிரையையும் அங்கேயே விற்கலாம் என்றிருக்கிறேன். என் எடை 68 கிலோ. ஏமாறாமல் வாங்க வழி சொல்லுங்கள்.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ராஜஸ்தானின் மார்வாரிக் குதிரைகள் பலவற்றுக்கு ரேவால் நடை பிறவியிலேயே வரும். ஒரு பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் ஏறக்குறைய சேர்ந்தே போவதால் மேலே இருப்பவருக்குக் குலுக்கல் குறைவு. அதனால் விலையும் கூடுதல். ஆனால், ஒரே பக்கத்துக் கால்களைக் கயிற்றால் பிணைத்துப் பழக்கியோ, முள் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத் தலையைத் தூக்க வைத்தோ இந்த நடையைக் கொஞ்ச நேரம் காட்டிவிட முடியும். வீட்டுக்கு வந்து கடிவாள வாரைத் தளர்த்தினால் அது காணாமல் போகும்.

முள்ளில்லாத சாதாரணக் கடிவாளம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதை மாட்டி, வாரைத் தளரவிட்டு, ஒரு 200 மீட்டர் நீங்களே ஓட்டிப் பாருங்கள். பிறகு வேறொருவரை ஏற்றிவிட்டு, பக்கத்தில் நின்று குளம்புச் சத்தத்தைக் கேளுங்கள். நல்ல ரேவாலில் நான்கு அடியும் தனித்தனியாக விழும். இரண்டிரண்டாகக் கேட்டால் அது உங்களை இடமும் வலமுமாக ஆட்டும். தூரப் பயணத்துக்கு இடுப்பு தாங்காது. முள் கடிவாளம் சட்டப்படியே கூடாது. வாயைத் திறந்து, ஓரங்களிலும் நாக்கிலும் வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

லேசான நொண்டல் ரேவாலில் மறைந்துவிடும். ஆகவே கெட்டித் தரையில் கையில் பிடித்து ட்ராட் (எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து போகும் மெல்லோட்டம்) ஓடவிடுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் ஊன்றும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது இறங்கும். காலையிலேயே வலி ஊசி போட்டிருந்தால் இதுவும் தெரியாது. முன்பணம் கொடுக்காமல் மறுநாளும் போய்ப் பாருங்கள். கீழுதடு தொங்கி, கண் செருகி நின்றால் மயக்க மருந்தாக இருக்கலாம். எவ்வளவு சாதுவாக நின்றாலும் அன்று வாங்க வேண்டாம்.

வயதைப் பல்லில் பாருங்கள். முன்வரிசையின் நடுப் பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஆறு பல்லும் சேராத குட்டிமேல் 68 கிலோவை ஏற்றாதீர்கள். எடைக்கு ஒரு கணக்கு: நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 175, நீளம் 155 என்றால் சுமார் 400 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 80 கிலோ சுமக்கும். சேணம் 10 கிலோ என்றாலும் உங்களுக்குச் சரியாக இருக்கும்.

சுழி பார்ப்பது உங்கள் நம்பிக்கை. ஆனால் சுழி சுத்தம் என்பதற்காகக் கெட்ட காலை வாங்கக் கூடாது.

கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும். வாங்கி வந்ததும் மூன்று வாரம் தனித் தொட்டி, தனி வாளியோடு ஒதுக்கிக் கட்டுங்கள். மூக்கில் சளியோ, காலில் கட்டியோ வந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் குதிரையை விற்கும்போது வயதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். சுமார் 10 வயதில் மேல் ஓரப் பல்லில் ஒரு பள்ளக் கோடு இறங்கத் தொடங்கும். தெரிந்தவர் அதைப் பார்த்துவிடுவார். லாடம், குளம்பு வேலையைச் சந்தைக்கு 10 நாள் முன்பே முடியுங்கள். முந்தின நாள் சீவினால் கூசிக் கூசி நடக்கும், நொண்டி என்று விலையைக் குறைப்பார்கள். சினை என்று சொல்லி விற்பதானால் ஸ்கேன் சான்றோடு சொல்லுங்கள். நிறம், சுழி, நெற்றி வெள்ளை, தெரிந்த குறைகள் எல்லாவற்றையும் இரண்டு பிரதிகளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகு கயிற்றைக் கைமாற்றுங்கள்.