வீட்டில் கிடக்கும் ரூட்டரை அலுவலகத்தில் ஆக்சஸ் பாயின்ட்டாக மாட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: சுமார் இருபது பேர் வேலை செய்யும் அலுவலகம். தனியாக ஐ.டி. ஆள் கிடையாது. கடைசி அறைக்கு வைஃபை எட்டவில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரைக் கொண்டுவந்து அந்த அறைச் சுவரில் இருக்கும் நெட்வொர்க் சாக்கெட்டில் சொருகினால் போதுமா?

போதாது. ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது இருக்கிற நெட்வொர்க்கை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக, மாட்டலாம், ஆனால் வீட்டிலிருந்து எடுத்துவந்தபடியே மாட்டக்கூடாது. அதற்குள் இருக்கும் டி.எச்.சி.பி. சர்வரை, அதாவது கம்ப்யூட்டர்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் பகுதியை, அணைக்க வேண்டும். அலுவலக நெட்வொர்க்கில் யாரிடமும் இல்லாத ஒரு ஐ.பி. முகவரியை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்தையும் அடையாளம் காட்டும் எண்) அதற்குக் கொடுக்க வேண்டும். அலுவலகக் கேபிளைத் தொடுவதெல்லாம் அப்புறம்தான். இந்த வரிசை மாறியதால் ஒரு முழு அலுவலகமும் அரை நாள் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். மாட்டியது நான்தான். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்தக் காலை நேரம் அப்படியே கண்முன் வந்துவிட்டது.

அப்போது நான் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். கடிதங்கள், கோப்புகள், வருகைப் பதிவு இதெல்லாம்தான் என் வேலை. கம்ப்யூட்டரில் ஏதாவது சிக்கல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், எனக்குக் கொஞ்சம் ஆர்வம் உண்டு என்பதால். உங்கள் நிலைமையும் அநேகமாக இதுதான் என்று நினைக்கிறேன். கூட்ட அறையில் வைஃபை எடுக்கவில்லை. "உன்கிட்ட ஒரு ரூட்டர் சும்மா இருக்குன்னு சொன்னியே, கொண்டு வாயேன்" என்றார் மேலாளர். மறுநாள் கொண்டுபோனேன். மாலையில் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், சுவர் சாக்கெட்டிலிருந்து வந்த கேபிளை அதன் லேன் போர்ட் (உள் நெட்வொர்க்குக்கான துளை) ஒன்றில் சொருகினேன். போனில் சிக்னல் முழுதாகக் காட்டியது. ஒரு இணையப் பக்கத்தையாவது திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சிக்னலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை 9 மணிக்கு ஒவ்வொருவராக வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு இன்டர்நெட் இல்லை. இன்னொருவருக்குச் சர்வரில் இருக்கும் கோப்பு திறக்கவில்லை. பிரிண்டருக்கு அனுப்பியது எதுவும் வரவில்லை. ஆனால் பக்கத்து மேசையில் ஒருவருக்கு எல்லாமே வேலை செய்கிறது! அதுதான் என்னைக் குழப்பியது. கேபிளோ, எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சோ கெட்டிருந்தால் எல்லோருக்கும் அல்லவா போயிருக்க வேண்டும்? "ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். ரீஸ்டார்ட் செய்ததும், அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவையும் நின்றுபோயின.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று அந்த நெட்வொர்க் முழுவதுக்கும் குரல் கொடுக்கிறது. டி.எச்.சி.பி. சர்வர் எதுவாக இருந்தாலும் பதில் சொல்லலாம். பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. பதில் சொன்னவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எங்கள் மெயின் ரூட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் மாட்டியது 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்ததோடு, "வெளியே போக வேண்டுமானால் என் வழியாகப் போ" என்று தன்னையே கேட்வே ஆகவும் சொல்லிக்கொண்டிருந்தது. வெளி இன்டர்நெட் வந்து சேரும் அதன் வேன் போர்ட்டிலோ எந்தக் கேபிளும் இல்லை. முந்தின நாள் அணைக்காமல் விட்டுப்போன கம்ப்யூட்டர்கள் பழைய முகவரியிலேயே இருந்ததால் தப்பித்தன. காலையில் ஆன் செய்தவையும், நான் சொல்லி ரீஸ்டார்ட் செய்தவையும்தான் மாட்டிக்கொண்டன.

இது எதுவும் தெரியாமல் நான் இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்து சண்டை போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக, "சார், எங்கள் பக்கம் லைன் சரியாக இருக்கிறது, உங்கள் உள் நெட்வொர்க்கைப் பாருங்கள்" என்று மூன்று முறை சொன்னார். நான் கேட்கவில்லை. குரலை உயர்த்தினேன். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

கண்டுபிடித்தது கணக்குப் பிரிவு அக்கா. அன்றைக்கு மாலைக்குள் சம்பளப் பட்டியல் அனுப்பியாக வேண்டும், அவருக்குத்தான் அதிக அவசரம். பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒன்று கொடுத்து, அதை ஒரு தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். நான் அவருடைய கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்றிருந்தவர் சொன்னார்: "தம்பி, பிரிண்டர்ல ஒட்டியிருக்கிற நம்பர்ல மூணாவது ஒன்னு. என்னோடதுல சைபர் வருது. ரெண்டும் ஒன்னா இருக்க வேணாமா?" நாள் முழுக்க எண்களைச் சரிபார்க்கிறவர் கண்ணுக்கு அது உடனே பட்டுவிட்டது. நான் இரண்டு மணி நேரமாக அதே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய் கூட்ட அறையில் கேபிளைப் பிடுங்கினேன். அப்படியும் உடனே சரியாகவில்லை. தவறான முகவரி வாங்கிய கம்ப்யூட்டர்கள் அதைக் குத்தகைக் காலம் (கொடுத்த முகவரி செல்லுபடியாகும் நேரம்) முடியும் வரை வைத்திருக்கும். வீட்டு ரூட்டர்களில் அது ஒரு நாள்கூட இருக்கலாம். மேசை மேசையாகப் போய் ஒவ்வொன்றையும் புது முகவரி வாங்க வைத்தேன். முடியும்போது மதியம் தாண்டிவிட்டது. மேலாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கும் நெட்வொர்க் பொறியாளர்கள், "சுவிட்சில் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது" என்பார்கள். சரிதான், அது அனுமதி இல்லாத டி.எச்.சி.பி. பதில்களைத் தடுத்துவிடும் வசதி. நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் இருந்து, அதை அமைக்கத் தெரிந்தவரும் இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள். "வீட்டு ரூட்டரை அலுவலகத்தில் வைப்பதே தவறு, முறையான ஆக்சஸ் பாயின்ட் வாங்கணும்" என்றும் சிலர் சொல்வார்கள். நானும் அதை மறுக்கவில்லை. நீங்கள் கேட்டது ஒரே ஒரு அறைக்கு, கையில் இருப்பதை வைத்து. அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. முதலில் அந்த நெட்வொர்க்குக்குப் பொறுப்பானவரிடம் சொல்லிவிடுங்கள், ஐ.டி. ஆள் இல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் பொறுப்பாக இருப்பார். பிறகு அலுவலகத்தில் நன்றாக வேலை செய்யும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் ஆல் (ipconfig /all) கட்டளையைக் கொடுங்கள். அதில் கேட்வே எது, டி.எச்.சி.பி. சர்வர் எது, நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் சப்நெட் மாஸ்க் எது என்று வரும். மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து மெயின் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முகவரி கொடுக்கிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு 192.168.1.100 முதல் 200 வரை என்றால், அதற்கு வெளியே 192.168.1.2 போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குப் பிங் செய்து ("இருக்கிறாயா" என்று கேட்கும் சோதனை) பதில் வரவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். அணைத்து வைத்திருக்கும் பிரிண்டருக்கோ கேமராவுக்கோ அந்த எண் இருக்கலாம். விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பழைய ரூட்டரை ரீசெட் செய்து, அலுவலகக் கேபிள் எதுவும் இல்லாமல், ஒரு லேப்டாப்போடு மட்டும் இணையுங்கள். அதில் "ஆக்சஸ் பாயின்ட் மோட்" என்று ஒரு வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே டி.எச்.சி.பி. உட்பட வேண்டியதை அதுவே மாற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் முதலில் லேன் முகவரியை நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணுக்கு மாற்றுங்கள். ரூட்டர் மறுபடி எழுந்ததும் புது எண்ணில் உள்ளே போய் டி.எச்.சி.பி.யை அணையுங்கள். அதற்குப் பிறகு லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க அங்கே யாரும் இல்லை, அதனால் பக்கம் திறக்காது. பயப்பட வேண்டாம்; லேப்டாப்புக்கு 192.168.1.5 போல ஒரு முகவரியைக் கையால் கொடுத்தால் திறந்துவிடும். வேலை முடிந்ததும் அதைப் பழையபடி தானியங்கிக்கு மாற்ற மறக்காதீர்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் "ரூட்டர் போச்சு" என்று நினைத்து மறுபடி ரீசெட் செய்கிறார்கள். ரீசெட் ஆனதும் டி.எச்.சி.பி. பழையபடி ஆன் ஆகிவிடும். எனக்கும் அப்படி ஒருமுறை ஆனது. நல்லவேளை, கேபிள் மாட்டுவதற்கு முன்பே கவனித்துவிட்டேன்.

கையால் அமைத்த ரூட்டரில் கேபிளை லேன் போர்ட்டில்தான் சொருக வேண்டும். வேன் போர்ட்டில் சொருகினால் அந்த அறை தனி நெட்வொர்க் ஆகிவிடும். டி.எச்.சி.பி.யை அணைத்திருப்பதால் போனுக்கு முகவரி கிடைக்காது, இன்டர்நெட் வராது, அலுவலகப் பிரிண்டர் தென்படாது, மற்றக் கம்ப்யூட்டர்களிலிருந்து அந்த அறை லேப்டாப்பை அடைய முடியாது. ஒரே ரூட்டருக்கு இரண்டு கேபிள் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னாலும் போட்டுவிடாதீர்கள். சாதாரண சுவிட்சில் அது லூப் ஆகி, அதாவது ஒரே தரவு சுற்றிச் சுற்றி வந்து, மொத்த நெட்வொர்க்கையும் திணறடித்துவிடும்.

வைஃபை அமைப்பில் பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ். அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்று இருக்கட்டும். டி.கே.ஐ.பி. என்ற பழைய குறியாக்க முறை வேண்டாம், அதைப் போட்டால் வேகமே 54 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு (விநாடிக்கு 54 மெகாபிட்) மேல் போகாது. பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள், அதன் ரகசிய எண்ணை (PIN) எளிதாக ஊகித்துவிட முடியும் என்பது 2011-லேயே வெளியாகிவிட்டது. வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் பழையதைப் போலவே இருந்தால் நடந்துபோகும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். ஆனால் சோதிக்கும் முதல் இரண்டு நாள் வேறு பெயர் வையுங்கள், எதில் இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டுமே. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சேனல்கள் 1, 6, 11. சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, சிக்னலோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். மெயின் ரூட்டர் 1-இல் இருந்தால் இதை 6 அல்லது 11-இல் வையுங்கள். "இரண்டுக்கும் நடுவே இருக்கட்டும்" என்று 3 வைத்தால் இரண்டு பக்கமும் இடைஞ்சல்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். எங்கள் கூட்ட அறைக்குச் சிக்னல் வராததற்குத் தூரம் காரணமே இல்லை, நடுவில் வரிசையாக நின்ற இரும்பு பீரோக்கள்தான் காரணம். போனில் சிக்னல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு நடந்து பாருங்கள். வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67 டி.பி.எம். (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும். மைனஸ் 80 என்று காட்டினால் அங்கே உட்கார்ந்து பேச முடியாது. கேபிள் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஜிகாபிட் போர்ட்களாக இருந்தும் வேகம் 95 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் ஏறவே இல்லை என்றால் கேபிள் முனையைப் பாருங்கள். நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று முனையில் சரியாக அழுத்திப் பொருத்தப்படாவிட்டாலும் (கிரிம்ப்) 100 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கிவிடும்.

வெளியாட்கள் வந்து வைஃபை கேட்பார்கள். பழைய ரூட்டரில் கெஸ்ட் என்று ஒரு வசதி தெரிந்தாலும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய பிறகு அது அவர்களைத் தனியாகப் பிரிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கெஸ்ட்டில் இணைந்து சர்வர் கோப்புறையைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்தப் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இந்த வேலையை எல்லோரும் போன பிறகுதான் செய்ய முடியும். இரவு 10 மணி வரை ஏணியில் நின்று கேபிள் இழுத்துவிட்டு, மறுநாள் காலை 9.10-க்கு வந்ததற்காக என் பெயருக்கு எதிரே "தாமதம்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த வருகைப் பதிவைப் பராமரித்தவனும் நானே, அதனால் என் கையாலேயே எழுதினேன். கூடுதல் நேரத்தைக் கேட்டபோது "சின்ன வேலைதானே" என்றார்கள். அந்தச் சின்ன வேலை தவறினால் இருபது பேர் சும்மா உட்கார வேண்டும் என்று அரை நாள் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொன்னது. நீங்களாவது தொடங்குவதற்கு முன்பே அந்த நேரத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு தாளில் அதன் ஐ.பி. முகவரி, சுவிட்சில் எந்தப் போர்ட், மாட்டிய தேதி, "டி.எச்.சி.பி. அணைக்கப்பட்டது, ரீசெட் செய்யாதீர்கள்" என்று எழுதி அதன் மேலேயே ஒட்டுங்கள். அந்த அக்காவின் பிரிண்டர் தாளைப் பார்த்த நாளிலிருந்து நான் ஒட்டாமல் விட்டதில்லை. உங்கள் ரூட்டரின் மாடல் எது என்று சொன்னால் டி.எச்.சி.பி. எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கேபிளைச் சொருக வேண்டாம்.