மூளைக் கட்டியில் ரத்தக் கொள்ளளவு: ரேடியாலஜிஸ்ட் பதில்கள்

ஈரோடு: அப்பாவுக்கு மூளைக் கட்டிங்க. கதிர்வீச்சு சிகிச்சை முடிஞ்ச பிறகு ஸ்கேன்ல புதுசா வெள்ளையாத் தெரியுது. பெர்ஃபியூஷன் எம்ஆர்ஐ எதுக்குங்க?

கட்டி வளரும்போது தனக்கென்று புது ரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். அவற்றில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று அளக்கத்தான். காடோலினியம் என்ற, ஸ்கேனில் தெரியும் மருந்தை ஊசி வழியாக நொடிக்கு 3 முதல் 5 மில்லி வேகத்தில் செலுத்துவோம். அது மூளையைக் கடக்கும் சில நொடிகளில் சிக்னல் சட்டென்று விழுந்து எழும். அதை மருந்தின் செறிவாக மாற்றி, வரைகோட்டின் கீழுள்ள பரப்பை எடுத்து, எதிர்ப்பக்கத்து நல்ல திசுவோடு ஒப்பிட்டு 'இத்தனை மடங்கு' என்போம். கதிர்வீச்சில் செத்த திசுவும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் அங்கே ரத்தம் குறைவு. மறுபடி வளரும் கட்டியில் பெரும்பாலும் அதிகம்.

திருப்பூர்: இந்த ஸ்கேன்ல கதிர்வீச்சு உண்டா?

இல்லை. காந்தமும் ரேடியோ அலையும்தான்.

கோபி: இந்த ரத்த அளவு 1.75 மடங்கைத் தாண்டினா மோசமான கட்டின்னு படிச்சேன். அண்ணனுக்கு 2.4 வந்திருக்குங்க. பயாப்ஸி, அதான் திசு எடுத்துப் பார்க்கிற சோதனை, இனிமேல்தான்.

அந்த 1.75, க்ளியோமாக்களை (மூளையின் துணைச் செல்களில் வரும் கட்டிகளை) வீரியத்தை வைத்துத் தரம் பிரிக்க 2003-ல் ஓர் ஆய்வு சொன்ன எல்லை. எல்லாக் கட்டிக்கும் அது பொருந்தாது. ஒலிகோடெண்ட்ரோக்ளியோமா என்ற க்ளியோமா வகையில், வீரியம் குறைந்த தரத்திலேயே ரத்தம் மிகுந்திருக்கும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ச் செல் புற்றுநோய் கொடியது, ஆனாலும் எண் தாழ்வாக வரலாம். பயாப்ஸி முடிவு வரட்டும். ரிப்போர்ட்டில் கசிவுத் திருத்தம், அதாவது குழாயிலிருந்து ஒழுகிய மருந்துக்கான திருத்தம், செய்ததாக எழுதியிருக்கிறதா?

பொள்ளாச்சி: குறுக்கே வர்றேன். மெஷின் கொடுத்த எண்ணை ஆள் திருத்தினா அது அளவீடாங்க?

திருத்தாவிட்டால்தான் அது அளவீடு இல்லை. கணக்கு முழுவதும் மருந்து குழாய்க்குள்ளேயே இருக்கிறது என்று நம்பிப் போடுவது. கட்டியின் குழாய்கள் ஒழுகும். சொட்டுநீர்க் குழாயில் ஓட்டை இருக்கும்போது, வெளியே தேங்கிய தண்ணீரையும் சேர்த்து அளந்தால் குழாயின் கொள்ளளவு வருமா? கசிந்த மருந்து, படமெடுக்கும் முறையைப் பொறுத்து எண்ணைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். அதனால்தான் சில இடங்களில் முன்னதாகவே கொஞ்சம் மருந்து கொடுத்துவிட்டு, பிறகு கணக்கிலும் திருத்துகிறோம்.

கோபி: அப்ப 2.4 தப்புங்களா?

அப்படிச் சொல்லவில்லை. முறை தெரியாமல் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்கிறேன். அடுத்த ஸ்கேனையும் அதே மெஷினில், அதே முறையில் எடுங்கள். இரண்டு சென்டர் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கரூர்: அம்மாவுக்குக் கிட்னி பலவீனம். மருந்து போடலாமா?

முதலில் ரத்தத்தில் கிரியாட்டினின் பாருங்கள். அதை வைத்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறன்) 30-க்குக் கீழே என்றால் ஊசி போடுமுன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தாராபுரம்: கதிர்வீச்சு எவ்வளவு படும்?

திருப்பூர்க்காரருக்குச் சொன்னதுதான். படாது.

நாமக்கல்: மாமாவுக்குக் கல்லீரல்ல கட்டி. இதே முறையா?

கல்லீரலுக்கு முறை வேறு. அங்கே பார்க்கிற டாக்டரையே கேளுங்கள்.

பல்லடம்: ரிப்போர்ட்டை போன்ல படம் எடுத்து அனுப்பட்டுங்களா? ரெண்டு சென்டர்ல வேற வேற எண் வந்திருக்கு.

வேண்டாம், ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டைக் கொண்டுவாருங்கள். இரண்டு சென்டர் எண்ணைப் பற்றிக் கோபிக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.