வலப்பக்க ஹெட்லைட் எரியவில்லை, அடுத்த மாத சர்வீஸ் வரை ஓட்டலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "காரில் வலது ஹெட்லைட் அவிந்துவிட்டது. சர்வீஸ் அடுத்த மாதம்தான் வருகிறது. அதுவரை ஒற்றை லைட்டில் ஓட்டலாமா? பல்பை நாமே மாற்ற முடியுமா? மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டுமா?"

ஓட்டாதீர்கள். இன்று சாயங்காலமே மாற்றுங்கள். நீங்கள் வேலை முடிந்து இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். பகலில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தக் கேள்வி வராது.

ஒரு வரியில் முடிக்க வேண்டிய பதிலை நீட்டுவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

என் வீடு மண்டைக்காடு பக்கம். வேலை நாகர்கோவிலில். வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை, மணவாளக்குறிச்சி வழியாகத்தான் தினமும் போக்குவரத்து. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மாதம் இதே வலப்பக்க பல்ப் போனது. ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் காரைப் பார்க்கவில்லை. "வீட்டுல அண்ணன் வரலியா?" என்று என் கணவரைத்தான் முதலில் விசாரித்தார். நான்தான் ஓட்டுகிறேன், என்னிடமே சொல்லுங்கள் என்றேன். ஹெட்லைட் செட்டையே மாற்ற வேண்டும், 4,800 ரூபாய் ஆகும், வெள்ளிக்கிழமை வண்டியை விடுங்கள் என்றார். அன்று திங்கட்கிழமை.

நான்கு நாள்தானே என்று நானும் ஓட்டினேன். மூன்றாம் நாள், புதன்கிழமை, இரவு எட்டு மணி இருக்கும். வெள்ளிச்சந்தை தாண்டி நல்ல மழை. எதிரே ஒரு பஸ். அதன் பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் பஸ்ஸை முந்தி வெளியே வந்தது. நான் பிரேக்கை மிதித்தும் இடப்பக்கம் ஒதுங்க இடம் இல்லை. என் வலப்பக்கக் கண்ணாடியில் அவன் கை இடித்து, ஸ்கூட்டர் சரிந்து, பையன் ரோட்டில் கிடந்தான். இருபத்திரண்டு வயது. மணிக்கட்டு எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனைத் தூக்கி உட்கார வைத்தபோது அவன் என்னிடம் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "அக்கா, பைக்கு வருதுண்ணுதான் நெனச்சேன்."

அவன் சொன்னதை யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். உங்கள் வலப்பக்க லைட்தான் ரோட்டின் நடுக்கோட்டை ஒட்டி வருவது. அது அவிந்தால் எதிரில் வருகிறவன் கண்ணுக்குத் தெரிவது ரோட்டோரமாக வரும் ஒற்றை வெளிச்சம் மட்டும். 2017 ஏப்ரலிலிருந்து புதிதாக வருகிற இரு சக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். ஒற்றை லைட் என்றால் பைக், நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது என்று எல்லோருடைய மனமும் பழகிவிட்டது. அந்த இடத்தில்தான் உங்கள் காரின் பாதி இருட்டுக்குள் ஒளிந்து வருகிறது. இடப்பக்க பல்ப் போனாலும் ஆபத்துதான். ஆனால் உங்களுக்குப் போயிருப்பது இரண்டில் மோசமானது.

மழையில் பஸ்ஸை முந்தியது அவன் தப்பு, நீங்கள் ஏன் வருந்த வேண்டும் என்று கீழே எழுத ஆள் வருவார்கள் என்று தெரியும். அவன் முந்தியிருக்கக் கூடாது, சரி. ஆனால் அவன் கணக்குப் போட்டது என் வெளிச்சத்தை வைத்து. பொய்யான கணக்கைக் கொடுத்தது நான். ஆஸ்பத்திரிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன், அவன் வீட்டுக்கும் போய்வந்தேன். அதை வைத்து என்னை நல்லவள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

என் அப்பா திங்கள்நகர் ஸ்டாண்டில் முப்பது வருடம் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். விஷயத்தைக் கேட்டதும் என்னை ஏசவில்லை. "மக்களே, லைட்டு நமக்கு ரோட்டப் பாக்கதுக்கு மட்டுமாக்கும்ணு நெனச்சியா? நம்மள அடுத்தவன் பாக்கதுக்கும்தான்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அப்போது கண்புரை, பக்கத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அவர் வாயால் சொல்ல, நான் கையால் செய்தேன்.

எங்களுடையது எச்4 பல்ப் போடுகிற பழைய சின்னக் கார். 12 வோல்ட், 60/55 வாட். ஒரே பல்புக்குள் ஹை பீமுக்கு (பிரைட்) ஒரு இழை, லோ பீமுக்கு (டிம்) ஒரு இழை. அப்பா முதலில் கேட்டது, "டிம், பிரைட் ரெண்டும் இல்லியா, ஒண்ணு மட்டும் இல்லியா?" ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்பின் இழைதான் அறுந்திருக்கும். இரண்டும் இல்லை என்றால் பியூஸையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும். நிறைய வண்டிகளில் இடது வலது லைட்டுக்குத் தனித்தனி பியூஸ் உண்டு, எது எதற்கு என்று பெட்டி மூடியில் படம் போட்டிருக்கும். எனக்கு இரண்டும் எரியவில்லை, பியூஸ் நன்றாக இருந்தது.

சாவியை எடுத்துவிட்டு, லைட் சூடு ஆறின பிறகு பானெட்டைத் திறந்தேன். ஹெட்லைட்டின் முதுகில் மூன்று பின் உள்ள சாக்கெட் மாட்டியிருக்கும். அதை ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்து நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். அது வந்ததும் எங்கள் பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு, சாக்கெட்டின் ஒரு மூலை சூட்டில் உருகிப் பழுப்பாக இருந்தது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று செய்கிற வேலை இது. பின்னில் களிம்பு ஏறினால் கரண்ட் ஒழுங்காகப் போகாது, அந்த இடம் சூடாகும், சூட்டில் பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். கடைசியில் உருகும். மாற்ற வேண்டியது பல்பும் அந்தச் சாக்கெட்டும் மட்டும். வடசேரியில் ஒரு உதிரிபாகக் கடையில் இரண்டும் சேர்த்து 310 ரூபாய் கொடுத்தேன். சாக்கெட் ஒயரைத் தெரு முனையில் உள்ள எலக்ட்ரீஷியன் தம்பி சேர்த்துக் கொடுத்தான். 4,800 எங்கே, இது எங்கே?

சாக்கெட்டுக்குப் பிறகு ரப்பர் மூடி. அதைக் கழற்றினால் பல்பைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப். இங்கேதான் எல்லோரும் பொறுமை இழப்பது. "இழுக்காண்டாம், பைய உள்ள அமுக்கி, பக்கத்துல தள்ளி விடு" என்றார் அப்பா. உள்ளே தெரியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பின்னால் பிடித்து, போன் டார்ச்சை அடித்தால் கிளிப் எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்று தெரியும். புது பல்பை அதன் உலோக அடியை மட்டும் பிடித்து எடுங்கள், கண்ணாடியில் விரல் படவே கூடாது. அது குவார்ட்ஸ் கண்ணாடி, பயங்கரமாகச் சூடாகும். நம் விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் தனியாகச் சூடேறி, பல்ப் சீக்கிரம் போய்விடும். தவறிப் பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். பல்பின் வட்டத்தில் மூன்று காதுகள் இருக்கும், அவை ஒரே விதமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் பலம் கொடுக்காமல் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ரப்பர் மூடியைச் சுற்றிலும் நன்றாக அமுக்கி மாட்டுங்கள். அது ஒரு பக்கம் வாயைத் திறந்திருந்தால் நம்மூர் மழைக்கு லைட்டுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது.

முடித்ததும் இருட்டில் வண்டியை மதில் சுவருக்கு நேராக நிறுத்தி லோ பீமைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில், மேல் விளிம்பு கோடு போட்டது போல, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறி இருக்க வேண்டும். கோடு கலங்கித் தெரிந்தால் பல்ப் சரியாக உட்காரவில்லை.

அன்று எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது பத்து நிமிடம்.

மெக்கானிக்குகளின் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பிரேக், ஸ்டியரிங், கிளட்ச் எதையும் நான் தொடுவதில்லை, என் மெக்கானிக் தம்பியிடம்தான் போகிறது. இப்போது வரும் சில கார்களில் பம்பரைக் கழற்றினால்தான் பல்புக்குக் கை எட்டும், சிலவற்றில் எல்.இ.டி. மொத்த யூனிட்டாகவே வருகிறது. அதெல்லாம் வீட்டில் செய்யக்கூடியதல்ல. உங்கள் கார் எது என்று நீங்கள் எழுதவில்லை. கூடவே கொடுத்த புத்தகத்தில் பல்ப் மாற்றுகிற பக்கம் இருந்தால் உங்களால் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சாக்கில் எல்.இ.டி. போட்டுவிடலாம், 100/90 வாட் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். லைட்டுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான கிண்ணம்தான் ரிப்ளெக்டர், அது பல்பின் இழை இருக்கிற இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தது. அதில் எல்.இ.டி.யைச் செருகினால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவன் கண்ணில் விழும். 100 வாட்டுக்கு உங்கள் ஒயரும் சாக்கெட்டும் தாங்காது. கொளச்சல் ரோட்டில் இரவு ஏழு மணிக்கு மேல் ஓட்டிப் பாருங்கள், பத்தில் மூன்று வண்டி நம் கண்ணைப் பறித்துவிட்டுத்தான் போகிறது. ரோட்டோரம் நடந்து போகிற வயசானவர்களை அந்த நொடி நமக்குத் தெரிவதே இல்லை. எனக்கு இதில் கோபம் குறையவே இல்லை.

மற்றப் பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் வண்டியைச் சுற்றி ஒரு நடை. இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கிறது என்று அர்த்தம். பிரேக் லைட்டைத் தனி ஆளாகப் பார்க்க, இருட்டில் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி மிதித்தால் போதும், கண்ணாடியில் சிவப்பு தெரியும். டயருக்குக் காற்று காலையில், ஓடிச் சூடாவதற்கு முன். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுடுநீர் விட்டுத் துடைத்து, காய்ந்ததும் வாஸ்லின் பூசுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். கடற்கரை ஊராக இருந்தால் அடிப்பாகத்தில் நல்ல வெள்ளம் விட்டுக் கழுவுங்கள்.

இந்த "வெள்ளம்" என்ற சொல்லுக்காக முன்பு ஒரு பதிலில் ஒருவர் என்னைக் கேட்டார், "ஊரில் வெள்ளம் வந்தால்தான் வண்டி கழுவுவீர்களா? நீங்கள் மலையாளியா?" என்று. எங்கள் பக்கம் நிறையப் பேருக்குக் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. சேர வேண்டும் என்று போராடி, துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் ஊர். அந்த ஊர்க்காரியைப் பார்த்து நீ தமிழா என்று கேட்டால் வலிக்கும். சென்னையில் படித்த மூன்று வருடமும் இதே கேள்வி. மெதுவாக என்பதற்கு "பைய" என்றாலும் சிரிப்பு, குதி என்பதற்கு "சாடு" என்றாலும் சிரிப்பு. என் அப்பா எனக்கு வண்டி வேலை கற்றுக்கொடுத்தது இந்தச் சொற்களில்தான். நான் இவற்றில்தான் எழுதுவேன்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். இரண்டையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒரே நாளில் போட்ட பல்ப் என்றால் மாற்றுவது நல்லது. ஒரே அளவு எரிந்திருக்கும், மற்றதும் அதிக நாள் தாங்காது, வெளிச்சமும் ஒன்றுபோல இருக்காது. இன்னும் எரிகிற அந்தப் பழைய பல்பை எறிய வேண்டாம். புதியது வந்த டப்பாவிலேயே வைத்து காரில் போட்டுக்கொள்ளுங்கள். என் டாஷ்போர்டில் அப்பாவின் பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் ஒரு எச்4, ஒரு பிரேக் லைட் பல்ப், 10, 15 ஆம்பியர் பியூஸ் இரண்டிரண்டு, ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு துணி. துணி மட்டும் அவருடைய பழைய வேட்டிக் கிழிசல், பல்பைப் பிடிக்க.