திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து?

சொந்தமாக வலைத்தளம் செய்து பார்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்பவர், பாளையங்கோட்டையில் அச்சகம் நடத்துகிறவர். பகலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார். கடை சாத்திய பிறகு தன் தளத்தில் உட்காருகிறார்.

அண்ணாச்சி, நம்ம பக்கத்து ஊர்ப்பெயர்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை என் தளத்தில் செய்தேன். பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் வர வேண்டும். ‘திருநெல்வேலி’க்கு 12 கட்டம் வருகிறது. எங்கே தப்பு?
கல்லூரி மாணவி, களக்காடு

தப்பு உங்கள் மேல் இல்லை, தங்கச்சி. நானும் இதே இடத்தில் இரண்டு ராத்திரி முட்டிக்கொண்டு நின்றவன்.

விரல் விட்டு எண்ணுங்கள்: தி, ரு, நெ, ல், வே, லி. ஆறு. பக்கத்தை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் ‘லெங்த்’ (நீளம்) கேட்டால் 12 என்கிறது. அது எழுத்தை எண்ணவில்லை, உள்ளே அடுக்கி வைத்திருக்கும் குறியீடுகளை எண்ணுகிறது. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் பொதுமுறைக்கு யூனிகோடு என்று பெயர். அதில் ‘தி’ என்றால் த ஒன்று, இகரக் குறி ஒன்று. ‘ல்’ என்றால் ல ஒன்று, புள்ளி ஒன்று. இந்தப் பெயரில் ஆறு எழுத்துக்கும் இரண்டிரண்டு விழுகிறது.

என் அப்பா ஈய எழுத்தில் அச்சுக் கோத்தவர். அவர் கூட்டிலிருந்து எடுத்தால் இதே பெயருக்கு எட்டு அச்சு. தி, ரு, ல், லி நான்கும் தனித்தனி வார்ப்பு. ‘நெ’ வேண்டுமென்றால் ஒற்றைக்கொம்பு ஒன்று, ந ஒன்று. ‘வே’ வேண்டுமென்றால் இரட்டைக்கொம்பு ஒன்று, வ ஒன்று. தாளில் கொம்புதான் முதலில் வரும் என்பதால் கையும் கொம்பைத்தான் முதலில் தேடும். யூனிகோடில் அது தலைகீழ்: ந முதலில், கொம்பு பின்னால். கண்ணுக்கு ஆறு, ஈயத்துக்கு எட்டு, கம்ப்யூட்டருக்கு 12. மூன்றும் மூன்று கணக்கு என்று பிடிபட்ட பிறகுதான் எனக்கு வேலை ஓடியது.

இதற்கு மருந்து பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. ‘இன்டல் செக்மென்டர்’ என்று பெயர். மொழி தமிழ், பிரிக்கும் அளவு ‘கிராஃபீம்’ (கண்ணுக்குத் தெரியும் ஒரு எழுத்து) என்று சொல்லிப் பெயரைக் கொடுத்தால் ஆறாகப் பிரித்துத் தரும். பெரிய பிரவுசர்களில் கடைசியாக ஃபயர்பாக்ஸ் 2024-இல் இதைச் சேர்த்துக்கொண்டது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்களும் வருவார்கள் இல்லையா? அவர்களுக்காக, ‘ஒரு எழுத்தும் அதன் பின்னால் ஒட்டி வரும் குறிகளும் சேர்ந்து ஒரு கட்டம்’ என்று நாலு வரி நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊரில் மட்டும் கவனம். ஒன்று கொக்கிரகுளம். ‘கொ’வில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. என் ஊர்ப்பட்டியல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி எடுத்தது. அதில் இரண்டாகக் கிடந்திருக்கிறது. என் மதினி மகன் பெயரைச் சரியாகத்தான் அடித்தான். திரை ‘தவறு’ என்றது. மறுபடி அடித்தான், மறுபடி தவறு. பிள்ளை முகம் வாடிவிட்டது. சரியான பதில் சொன்ன பிள்ளையைத் தப்பு என்று சொல்லும் ஒன்றை என் கையால் செய்து வைத்திருக்கிறேனே என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஒப்பிடுவதற்கு முன் அடித்த பெயரையும் பட்டியலில் உள்ள பெயரையும் ‘நார்மலைஸ்’ செய்ய வேண்டும், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே வரிதான். அதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று ஸ்ரீவைகுண்டம். நாம் ஆறு என்போம். செக்மென்டர் ஸ்ரீயை இரண்டாக உடைத்து ஏழு என்கிறது. அது போக, ஸ்ரீயின் முதல் எழுத்துக்கே இரண்டு குறியீடு உண்டு. நாம் வழக்கமாக அடிக்கிற ஸ ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டுமே ஒரே ஸ்ரீயாகத் தெரியும். இதை நார்மலைஸ் சரிசெய்யாது. ஒன்றை மற்றதாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக அடிக்க வைக்காதீர்கள். ந அடித்ததும் அடுத்த கட்டத்துக்குத் தாவினால், பின்னால் வரும் கொம்பு அங்கே புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்கும். முழுப்பெயரையும் ஒரே பெட்டியில் அடிக்கட்டும். பிரித்துக் கட்டங்களில் போடுவது உங்கள் நிரலின் வேலை.

தாமிரபரணியை வரைந்து, அணைக்கட்டு ஒவ்வொன்றின் மேலும் மவுஸை வைத்தால் விவரம் வருகிற மாதிரி செய்தேன். என் லேப்டாப்பில் நன்றாக வருகிறது. பிள்ளைகள் போனில் தொட்டால் ஒன்றும் வரவில்லை.
பள்ளி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

சார், விரலுக்கு ‘மேலே வைப்பது’ என்று ஒரு செயலே கிடையாது. தொடும், இல்லாவிட்டால் தொடாது. அதனால் ‘ஹோவரை’ நம்பாமல் ‘கிளிக்’கில் விவரத்தை வையுங்கள், கிளிக் மவுஸுக்கும் விரலுக்கும் பொது. அணைக்கட்டு ஒவ்வொன்றும் வெறும் ‘டிவ்’ (எந்த வேலையும் தெரியாத பெட்டி) ஆக இல்லாமல் உண்மையான பட்டனாக இருக்கட்டும். பட்டன் என்றால் டேப் சாவியை அழுத்தி அங்கே போகலாம், என்டர் வேலை செய்யும், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் ‘பட்டன்’ என்று சொல்லும். டிவ்வில் இதையெல்லாம் நாமே உட்கார்ந்து கட்ட வேண்டும். பெரும்பாலும் ஏதாவது ஒன்றை மறந்துவிடுவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் எட்டு அணைக்கட்டும் வரிசை தப்பாமல் இருப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது, மற்றவை அதற்கு முந்தியவை என்பதையும் அந்தந்த விவரத்தில் ஒரு வரி சேருங்கள்.

ஆனால் ஆற்றைக் கிடைமட்டமாகப் போட்டிருக்கிறீர்கள். போன் அகலத்தில் மேற்கே இருக்கும் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. நதியுண்ணியைத் தொட்டால் கன்னடியன் திறக்கிறது. போனில் மட்டும் ஆற்றை நிமிர்த்திவிடுங்கள். மேலே பொதிகை, கீழே புன்னைக்காயல். விரலால் தள்ளத் தள்ளப் பிள்ளைகள் ஆற்றோடு கடலுக்குப் போவார்கள். திரைவாசிப்பானும் அதே வரிசையில் படிக்கும்.

பட்டன் ஒவ்வொன்றும் 44 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீரவநல்லூரில் இருக்கும் என் மதினி பல வருஷமாகப் பீடி சுற்றுகிறவள். விரல்நுனி காய்ந்து தடித்த கை. சின்னப் பட்டனில் நாலு தடவை தொட்டால் ஒரு தடவை பிடிக்கும். “எனக்கு இதெல்லாம் வராது தம்பி” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பட்டனைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், வந்தது. உங்கள் பிள்ளைகளின் வீட்டிலும் அப்படிப்பட்ட கைகள் இருக்கும், சார்.

ஹெச்டிஎம்எல் மட்டும் தெரியும். தொட்டால் அசைகிற மாதிரி ஏதாவது செய்ய ஆசை. ஃப்ரேம்வொர்க் கட்டாயமா? வகுப்புக்குப் பணம் கட்டலாமா?
வள்ளியூர் வாசகர்

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், தம்பி. ஃப்ரேம்வொர்க் என்பது பிறர் முன்கூட்டியே எழுதி வைத்த நிரல்களின் கட்டு. தொட்டால் அசைய வைக்க ஜாவாஸ்கிரிப்டே போதும். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995-இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதினார். அதில் உங்களுக்குத் தேவையான ஒரு மூலையைப் பிடிக்க ஒரு வாரம் போதும்.

பேப்பரைத் திறந்ததும் நம் ஆட்கள் தேடுவது அணை நீர்மட்டம். அணை நிரம்பினால் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. பாபநாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி, அதற்குள் நீல நிறத்தில் தண்ணீர், கீழே இழுக்கிற ‘ரேஞ்ச்’ ஒன்று, அதிகபட்சம் 143. இழுத்த எண்ணை 143-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் தண்ணீரின் உயரம் சதவீதத்தில் கிடைக்கும். 100 அடிக்குப் பெட்டியில் ஏறக்குறைய 70 சதவீதம் நிறையும்.

ஒரே ஒரு இடத்தில் எல்லாரும் சறுக்குவார்கள். ‘சேஞ்ச்’ நிகழ்வைப் பிடித்தால் விரலை எடுத்த பிறகுதான் தண்ணீர் ஏறும். ‘இன்புட்’ நிகழ்வைப் பிடித்தால் விரலோடு கூடவே ஏறும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். தொட்டதற்கு உடனே பதில் வருவது என்றால் என்ன என்று கைக்கே தெரிந்துவிடும். எந்த வகுப்பிலும் இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லித்தர மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் பற்றி ஒரு பக்கம் செய்திருக்கிறேன். பக்கம் திறந்ததும் ஓசை வர வேண்டும் என்று எழுதினேன். வரவே இல்லை.
வாசகர், திருநெல்வேலி டவுன்

பிரவுசர் வேண்டுமென்றேதான் தடுக்கிறது. குரோம் 2018 முதல், பார்ப்பவர் பக்கத்தை ஒரு தடவையாவது தொடாமல் பொதுவாக ஓசையை விடுவதில்லை. அந்த முடிவு எனக்குப் பிடித்தமானது. உங்கள் பக்கத்தை யாரோ ஆஸ்பத்திரி வராந்தாவில் திறக்கலாம்.

உங்களுக்கு இது வசதியும்கூட. கல்தூண் தட்டினால்தானே ஒலிக்கும்? தூண் ஒவ்வொன்றையும் பட்டனாக்கி, தொட்டதும் அதற்குரிய சுரத்தை ஒலிக்க விடுங்கள். பிரவுசரில் ஓசையை இயக்கும் ‘ஆடியோ கான்டெக்ஸ்ட்’டை அந்தத் தொடுதலுக்குள்ளேயே எழுப்புங்கள். ஒலிக்கோப்புகள் சின்னதாக, முன்கூட்டியே இறங்கி இருக்கட்டும். தட்டி அரை நொடி கழித்து ஒலித்தால் அது தூண் இல்லை.

விளையாடியவரின் மதிப்பெண்ணைச் சர்வர் இல்லாமல் நினைவில் வைக்க முடியுமா?
வாசகி, சேரன்மகாதேவி

முடியும். ‘லோக்கல் ஸ்டோரேஜ்’. ஒரு தளத்துக்குச் சுமார் 5 எம்பி இடம் கிடைக்கும், மதிப்பெண்ணுக்கு அது கடல். அதே போனில், அதே பிரவுசரில் மட்டும்தான் இருக்கும்; அவர் பிரவுசரைத் துடைத்தால் போய்விடும். ரகசியமான எதையும் அதில் வைக்காதீர்கள்.

என் மகன் ஒரு தளம் செய்திருக்கிறான். திறந்தால் எழுத்து பறந்து வருகிறது, பின்னால் படம் நகர்கிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. பையன் ஆசையாகச் செய்ததைக் குறை சொல்லவும் மனம் இல்லை. வயதானதால் எனக்கு மட்டும்தான் இப்படியா?
ஓய்வுபெற்றவர், ஸ்ரீவைகுண்டம்

உங்களுக்கு மட்டும் இல்லை, ஐயா. உள்காதில் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு எந்த வயதிலும் திரையில் ஓடுவது தலைசுற்றலைத் தரும், சிலருக்குக் குமட்டும். அதனால்தான் போன் அமைப்பிலேயே அசைவைக் குறைக்கச் சொல்லி ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அதை நீங்கள் போட்டுவிட்டால் பிரவுசர் அந்தத் தளத்துக்குத் தெரிவிக்கும். தளம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ‘ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்’ என்று ஒரு நிபந்தனை உண்டு. அதற்குள் அசைவுகளை நிறுத்தி எழுத நாலைந்து வரி போதும்.

மகனிடம் சொல்லுங்கள், ஐயா. குறையாக வேண்டாம், ‘எனக்காக இதைச் சேர்த்துக் கொடுப்பா’ என்று கேளுங்கள். என் தளத்தின் முகப்பில் ஆறு ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்திருந்தேன். மூன்று வாரம் செலவழித்த வேலை. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அதை நிறுத்திவிட்டு, ஓரத்தில் ‘ஓடவிடு’ என்று ஒரு பட்டன் வைத்தேன். உங்கள் மகனுக்கு அந்த வரிகள் வேண்டுமானால் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள், எழுதி அனுப்புகிறேன்.