பார்வையாளர்கள் முன்னால் ஸ்டில் லைஃப் ஓவியத்தை, அதாவது மேசைமேல் வைத்த அசையாப் பொருட்களை, நேரில் பார்த்து வரைவது எப்படி? கை நடுங்காதா?

நடுங்கும். பல வருடமாக டெமோ கொடுக்கிறேன், இன்றும் முதல் பத்து நிமிடம் எனக்குக் கை நடுங்கத்தான் செய்கிறது. அதனால் அந்தப் பத்து நிமிடத்தில், கை நடுங்கினாலும் கெடாத வேலையை மட்டும் செய்வேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, அகலமான பிரஷ்ஷால் கேன்வாஸ் முழுக்க இழுத்துப் பூசிவிட்டு, பழைய பனியன் துணியால் துடைத்து எடுப்பது. கோடும் வேண்டாம், உருவமும் வேண்டாம். தோளிலிருந்து கை வீசி அசைய ஆரம்பித்ததும் நடுக்கம் தானாக அடங்கிவிடும். கேன்வாஸின் வெள்ளையும் போய்விடும் (வெள்ளை மேல் எந்த நிறத்தை வைத்தாலும் அது இருட்டாகத் தெரியும், ஆரம்பத்திலேயே கணக்கு தப்பிவிடும்).

ஆனால் நடுக்கம் சின்னப் பிரச்சினைதான். பின்னால் முப்பது பேர் உட்கார்ந்திருந்தால், நமக்கே தெரியாமல் பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களுக்காக வரைய ஆரம்பித்துவிடுவோம், அதுதான் பெரிய பிரச்சினை. முதல் அரை மணி நேரம் படம் அசிங்கமாகத்தான் இருக்கும். இங்கே ஒரு இருட்டுத் திட்டு, அங்கே ஒரு வெளிச்சத் திட்டு, அவ்வளவுதான். யாரோ இருமுவார், ஒரு நாற்காலி நகரும், உடனே நமக்கு ஒரு ஓரத்தில் பளிச்சென்று ஹைலைட், அதாவது ஒளி பட்டு மின்னும் புள்ளி, வைத்துக் காட்டத் தோன்றும். வைத்தால் 'ஆகா' என்பார்கள். அதற்கு அப்புறம் அந்த இடம் தப்பு என்று தெரிந்தாலும் துடைக்க மனசு வராது, அதற்கு ஏற்றபடி மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போவோம். தயவுசெய்து வைக்காதீர்கள். அவர்கள் காத்திருப்பார்கள், நாம் நினைப்பதைவிடப் பொறுமையாகவே காத்திருப்பார்கள்.

ஒரு டெமோவையே சொல்கிறேன். கும்பகோணத்தில் ஒரு நூலகத்தின் மாடி, சித்திரை மாதம், மாலை நாலு மணி. மேசைமேல் ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு கவுளி வெற்றிலையிலிருந்து எடுத்த ஏழெட்டு இலைகள், இரண்டு எலுமிச்சை, ஒரு கைப்பிடி மல்லிகை மொட்டு. 12×16 அங்குல கேன்வாஸ் போர்டு, எண்ணெய் வண்ணம், ஆறே ஆறு டியூப்: டைட்டேனியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரீன் ப்ளூ. டெமோவுக்கு எண்ணெய் வண்ணத்தைத்தான் சொல்வேன், தப்பானால் துடைத்து எடுக்கலாம். மின்விசிறிக் காற்றில் அக்ரிலிக் பேலட்டிலேயே காய்ந்து போகும்.

டியூப் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இடது பக்கம் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு வைத்தேன். மேலே நாலு டியூப் லைட் எரிந்தால் ஒரு எலுமிச்சைக்கு நாலு நிழல் விழும், உருண்டையே தெரியாது. வலது பக்க ஜன்னலை மூடவில்லை, மூடியிருந்தால் அந்த வெக்கையில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. சொம்புக்கு அடியில் சாக்பீஸால் ஒரு வட்டம், என் கால் நிற்கும் இடத்தில் ஒரு கோடு. இரண்டும் முக்கியம். பித்தளையில் தெரியும் பிம்பம், நாம் தலையை ஒரு சாண் நகர்த்தினாலே இடம் மாறிவிடும். நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு வழி விடச் சொன்னேன், ஏனென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பத்தடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாக வேண்டும். கூட்டம் ஈசலை (கேன்வாஸ் நிறுத்தும் தாங்கியை) ஒட்டி நின்றால் அது முடியாது.

எதை முதலில் வரைவது என்பதை எது முதலில் மாறும் என்பதுதான் முடிவு செய்யும். விளக்குச் சூட்டில் வெற்றிலை அரை மணியிலேயே விளிம்பு சுருண்டு தொங்க ஆரம்பிக்கும், அதனால் வெற்றிலையின் வடிவத்தை முதலில் பிடித்துவிட்டேன். எலுமிச்சை எங்கும் போகாது.

சொம்பின் வலது பக்கம் வந்தபோது ஓக்கரில் கொஞ்சம் நீலம் கலந்து ஒரு மங்கலான பச்சையை வைத்தேன். முன் வரிசையில் ஒரு பையன், ஆறாவது ஏழாவது படிப்பான், எழுந்து நின்று கேட்டான்: "சார், சொம்பு மஞ்சள்தானே, ஏன் பச்சை வைக்கிறீங்க?"

இப்படிப்பட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்வதில் பயனில்லை. ஒரு வெள்ளை அட்டையில் பஞ்ச் மிஷினால் ஒரு ஓட்டை போட்டு எப்போதும் கூடவே வைத்திருப்பேன். அதை அவனிடம் கொடுத்து, "ஒரு கண்ணை மூடிக்கோ, ஓட்டைக்குள்ள சொம்போட அந்த ஓரம் மட்டும் தெரியுற மாதிரி பிடி. இப்ப அது சொம்புன்னு நினைக்காத, என்ன கலர்னு மட்டும் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "பச்சை" என்றான், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல. ஜன்னல் வழியாக வானம் நீலமாக வந்து மஞ்சள் பித்தளையில் படுகிறது, அதனால்தான் அந்தப் பச்சை. அதைச் சொல்வதற்குள் அட்டை பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டது. அங்கிருந்து பின் வரிசைக்கு. நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். என் டெமோக்களில் உருப்படியான பத்து நிமிடம் எது என்று கேட்டால், நான் ஒன்றுமே வரையாத அந்தப் பத்து நிமிடத்தைத்தான் சொல்வேன்.

போட்டோ எடுத்துப் பார்த்து வரையலாமே என்று ஒரு பெரியவரும் கேட்டார். வரையலாம்தான். ஆனால் அன்று நான் போனில் எடுத்த போட்டோவில் சொம்பின் அந்தப் பக்கம் வெறும் கருப்பு. வெளிச்சத்துக்கு ஏற்றபடி எடுத்தால் நிழல் செத்துப்போகும், நிழலுக்கு ஏற்றபடி எடுத்தால் ஹைலைட் வெள்ளையாக வெந்துவிடும். கண் அப்படியில்லை, இரண்டுக்கும் மாறி மாறிப் பழகிக்கொண்டே இருக்கும். நேரில் வரைவது இதற்காகத்தான்.

இடையில் டீ. நான் முகம் கழுவப் போன நேரத்தில் ஒரு அம்மா, நல்ல மனசோடு, சொம்பில் விரல் ரேகை தெரிகிறதே என்று எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். சாக்பீஸ் வட்டம் இருந்ததால் இடம் தப்பவில்லை, ஆனால் பளபளப்பு மொத்தமும் மாறிவிட்டது. முன்பு மங்கலாக இருந்த வயிற்றுப் பகுதியில் இப்போது முன் வரிசையே தெரிந்தது, தலைகள் வளைந்து, நாற்காலிகள் விரல் நகம் அளவில். நடுவில் ஒரு கடுகு மஞ்சள் புடவை. துடைத்த அந்த அம்மாவுடையதுதான். அந்தப் பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வரைந்தேன், என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே. ஒன்றரை மணி நேர வேலையைச் சுரண்டினால் கூட்டம் பதறும். பதறட்டும். ஓவியன் எப்படித் திருத்துகிறான் என்பதை வேறு எங்கே பார்ப்பார்கள்?

1835-இல் லண்டனில், பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூஷன் கண்காட்சிக்கு ஆங்கில ஓவியர் டர்னர் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத கேன்வாஸைக் கொண்டுவந்து, மற்ற ஓவியர்கள் பார்த்துக்கொண்டிருக்க அங்கேயே வரைந்து முடித்தார். முந்தைய ஆண்டு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த காட்சி அது, ஸ்டில் லைஃப் அல்ல. சுவரை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை, முடிந்ததும் பெட்டியை மூடிக்கொண்டு பேசாமல் போய்விட்டார் என்று நேரில் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு ஆழ்ந்து போக எனக்கும் ஆசைதான். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் முன்னால் நாம் திரும்பித்தான் ஆக வேண்டும். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: பேசும்போது வரையமாட்டேன், வரையும்போது பேசமாட்டேன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கை பழக்கத்தில் ஓடும், கண் வேலை செய்யாது.

ஆறு மணி தாண்டியதும் மல்லிகை வாசனை வந்தது. பார்த்தால் மொட்டுகள் வாய் திறந்திருக்கின்றன. "சார், பூ விரிஞ்சுடுச்சு, படத்துல மொட்டாவே இருக்கே" என்று ஒரு குரல். விரிந்ததில் இரண்டை மட்டும் வரைந்தேன், மீதியை நாலரை மணிக்கு இருந்தபடியே விட்டுவிட்டேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அந்தப் பையன் அட்டையைத் திருப்பித் தர வந்தான். தருவதற்கு முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மல்லிகையைப் பார்த்தான், விளக்குப் படாத பக்கத்தை.

"சார், வெள்ளைப் பூ நீலமா இருக்கு."

அட்டையை அவனையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.