மலத்தோடு ரத்தம்: மூலம்தான் என்று யார் பார்த்துச் சொன்னது?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 56 வயது. இரண்டு மாதமாக மலம் போகும்போது சிவப்பாக ரத்தம் சொட்டுகிறது, வலி இல்லை. போன வருடம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் காரமாகச் சாப்பிட்டதால் வந்த மூலம் என்று ஒருவர் லேகியம் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் ஒரே ஊசியில் உதிர்ந்துவிடும் என்று முன்பணம் கேட்கிறார். டாக்டரிடம் காட்டக் கணவருக்குக் கூச்சம். இதய மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா, மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டுமா என்று கேட்கிறார்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர், அதுவும் முதல் வருடத்தில், அந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்து மாரடைப்பு வரலாம். சொட்டுச் சொட்டாக வரும் ரத்தத்துக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். "அந்த மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் வரத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால், டாக்டரே சொன்னாலும், அதோடு விட்டுவிடாதீர்கள். மாத்திரை புண்ணை உண்டாக்கி அங்கே ரத்தம் வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். பெருங்குடலில் ஏற்கெனவே மூலமோ சதை வளர்ச்சியோ இருந்தால் அதிலிருந்து கசியும் ரத்தத்தைச் சட்டென்று நிற்கவிடாமல் வெளியே காட்டிக்கொடுப்பதும் இதே மாத்திரைதான். அதனால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் வந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். ஒரேயொரு சூழ்நிலை மட்டும் வேறு: ரத்தம் கொட்டுகிறது, தலை சுற்றுகிறது என்றால் மாத்திரையைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிறுத்துவதா, எதை நிறுத்துவது என்பதை அங்கே இதய டாக்டரைக் கேட்டு முடிவு செய்வார்கள்.

சரி, ரத்தம் எங்கிருந்து வருகிறது? மலத்தில் கலக்காமல் கடைசியில் சிவப்பாகச் சொட்டி, வலியும் இல்லை என்றால் பெரும்பாலும் உள்மூலம். பிளேடால் கீறியது மாதிரி எரிச்சலும் வலியும் இருந்தால் ஆசனவாயில் வெடிப்பு. சளியும் ரத்தமுமாக, வயிற்றைப் பிடித்து முறுக்கி, காய்ச்சலோடு வந்தால் சீதபேதி. அதுவே வாரக்கணக்கில் நீடித்தால் குடல் அழற்சியாக இருக்கலாம். தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் இரைப்பையிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ கசிகிறது என்று பொருள். (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும், அதற்குப் பதற வேண்டாம்.) இவற்றோடு பெருங்குடல் கட்டியும் புற்றுநோயும் இருக்கின்றன. அவையும் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால் வலி இல்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய முடியாது.

காரம் சாப்பிட்டால் மூலம் வராது. ஏற்கெனவே வெடிப்பு இருப்பவருக்கு எரியும், அவ்வளவுதான். நம்ம பக்கம் எது வந்தாலும் கோழிக் குழம்பின் தலையில் போட்டுவிடுகிறோம். விசேஷ நாட்களில் காய்கறி, தண்ணீர் குறைந்து மலச்சிக்கல் வந்து, முக்கி முக்கி மூலம் இறங்குவது வேறு விஷயம்.

இப்போது அந்த இரண்டு ஆட்கள். உங்கள் கணவருக்கு மூலம் என்று சொன்னார்களே, யாராவது பார்த்தார்களா? கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்காமல், சிறு குழாய் வைத்து உள்ளே பார்க்காமல் மூலம் என்று சொல்ல எவராலும் முடியாது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "மூலம் பவுத்திரம் ஆபரேஷன் இன்றிக் குணம்" என்று எழுதியிருக்கும் இடங்களில் போடும் ஊசி என்னவென்று போடுகிறவருக்கே தெரியாது. அரிக்கும் மருந்தை ஏற்றி ஆசனவாயே சுருங்கிப்போய், மலம் போக வழியில்லாமல் வந்தவர்களுக்கு மறுபடி ஆபரேஷன் செய்வது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? மூலத்துக்கு ஊசியும் உண்டு, ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவதும் உண்டு, ஆனால் அதை அறுவைச் சிகிச்சை நிபுணர் உள்ளே பார்த்துத்தான் செய்வார். உங்கள் கணவர் சாப்பிடும் மாத்திரைக்கு, கட்டிய சில நாள் கழித்தும் ரத்தம் கொட்டலாம் என்பதால் அவரே யோசித்துத்தான் கைவைப்பார். முன்பணம் கேட்டவரிடம் ஸ்டென்ட் இருப்பதைச் சொன்னீர்களா? கேட்டிருக்கவே மாட்டார். லேகியத்தையும் நிறுத்துங்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத டப்பா அது. நாட்டு மருந்து என்று விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. இதய மாத்திரையோடு வலி மாத்திரை சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியும். படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவரை நான் இதில் சேர்க்கவில்லை.

டாக்டர்களான எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். ஓபியில் கூட்டம், திரை இல்லை, நேரம் இல்லை என்று பரிசோதிக்காமலே களிம்பு எழுதி அனுப்புவது தினமும் நடக்கிறது. விரலை விட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும், கீழே இருக்கும் கட்டி அந்த ஒரு நிமிடத்தில் கைக்குத் தட்டுப்படும். அதைச் செய்யாமல் வயிற்று ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுகிறார்கள், ஸ்கேன் நார்மல் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மேலிருந்து பார்க்கும் அந்த ஸ்கேனில் மலக்குடலுக்குள் இருப்பது தெரியாமலே போகலாம். ஆகவே "உள்ளே பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, எங்களுக்கு இது அன்றாட வேலை.

முதலில் காரைக்குடி அரசு மருத்துவமனையிலேயே அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள், இந்த வாரமே. ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். உள்மூலம் தெரிந்தாலும் அதோடு முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள், ஏனென்றால் மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். வயது 45 தாண்டி ரத்தம் வந்தால் பெருங்குடல் முழுவதையும் கொலனோஸ்கோபியில், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டு, பார்த்துவிடுவது நல்லது. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது. சதை வளர்ச்சி தெரிந்தால் பெரும்பாலும் அந்தக் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம். எடை குறைவது, மலம் போகும் பழக்கம் மாறுவது, அடிக்கடி போயும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, சோகை, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் "நல்ல ஆஸ்பத்திரி காட்டுறேன்" என்று வருகிறவருக்குக் கமிஷன் உண்டு, அவர் பின்னால் போகாதீர்கள்.

அதுவரை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரத்தில் பத்து நிமிடம் உட்காரட்டும், கீரை, காய், கவுனி அரிசி என்று நார்ச்சத்து சேரட்டும், போனை எடுத்துக்கொண்டு கழிப்பறையில் உட்கார வேண்டாம். கருணைக்கிழங்கு பிடித்தால் சாப்பிடட்டும். ரத்தம் கட்டி கட்டியாகப் போனாலோ, மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ, மயக்கம், நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது என்று வந்தாலோ 108.

போகும்போது ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஸ்டென்ட் எந்த மாதம் வைத்தது என்பது முக்கியம். கொலனோஸ்கோபிக்கு நாள் குறித்தால் எந்த மாத்திரையை விடச் சொல்கிறார்கள், எத்தனை நாளைக்கு, திரும்ப எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்பதை இதய டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எதையும் நிறுத்த வேண்டாம்.