பாட்டி கோவிட் ஊசி வேண்டாம் என்கிறார், ஹாஸ்டல் திறக்க 6 வாரம்தான் (மலேசியா, 2021)

தம்பி, ஹாஸ்டல் திறப்பதற்குள் கோவிட் ஊசி இரண்டையும் போட்டுவிட நினைக்கிறீர்கள், ஆனால் பக்கத்து லயத்து அக்காவுக்கு ஊசி போட்டு 2 நாள் காய்ச்சல் அடித்ததால் பாட்டி உங்களை விடமாட்டேன் என்கிறார், சரிதானே?

முதலில் நாளை எண்ணுங்கள். ஃபைசரோ சினோவேக்கோ, இரண்டு ஊசிக்கும் நடுவில் 21 நாள். இரண்டாவது போட்டு 14 நாள் கழித்துத்தான் முழுத் தடுப்பூசிக் கணக்கு. ஆக 35 நாள். உங்களிடம் இருப்பது 42. மைசெஜாத்ரா செயலியில் ஊசிக்குத் தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் சுங்கை சிப்புட் அரசாங்க கிளினிக்கில் நேரில் போய்க் கேளுங்கள்.

பாட்டியிடம் வாதாட வேண்டாம். அவர் கையில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு இருக்கும், அதைத் தொட்டுக் கதை கேளுங்கள். (என் பாட்டி ஆரம்பித்தால் தேத்தண்ணி ஆறிப்போகும்.) அந்தப் பெரியம்மை ஒழிந்ததாக 1980-இல் அறிவித்துவிட்டார்கள். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் உடம்பு எதிர்ப்பைப் பழகுவதால் வருவது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

ஊசி போட்டாலும் தொற்று வரலாம், அதை அவரிடம் மறைக்காதீர்கள். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுக்கும் ஆபத்துதான் நன்றாகக் குறைகிறது. ஹாஸ்டலில் ஓர் அறையில் நாலு பேரோடு இருந்துவிட்டு லீவுக்கு பஸ் ஏறி வரப்போவது நீங்கள். வீட்டில் இனிப்பு நீரோடு (நீரிழிவு) இருப்பது அவர். கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப் போங்கள், மருந்து அட்டையை மறக்காமல்.